ஐஸ் அறையின் சாவிக்காரர்

களவு போனாலும் தரை நனைந்திருக்கும், போகாவிட்டாலும் தரை நனைந்திருக்கும் என்கிற ஒரே சரக்கு ஐஸ்தான். நகை காணாமல் போனால் பெட்டி காலியாக இருக்கும். அரிசி காணாமல் போனால் மூட்டை தொங்கிப்போயிருக்கும். ஐஸ் மட்டும் யார் எடுத்தாலும், யாரும் எடுக்காவிட்டாலும், ஒரே சாட்சியைத்தான் விட்டுச்செல்லும்: கொஞ்சம் தண்ணீர். அப்படிப்பட்ட சரக்குக்குக் காவலாக, யாரையும் எதையும் நம்பாத ஒரு மனிதரை வைத்தது நல்ல யோசனையா, படுமோசமான யோசனையா என்பது அந்தக் கோடை வரும்வரை யாருக்கும் தெரியவில்லை.

அவரை எல்லோரும் சாவிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய மனைவியே பக்கத்து வீட்டில் பேசும்போது, "எங்க வீட்டுச் சாவிக்காரர் தூங்குறாரு, மெதுவா பேசுங்க" என்பாள். இடுப்பு வாரில் ஒரு வளையம், வளையத்தில் ஒரே ஒரு சாவி. குளிக்கும்போது அது சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். தூங்கும்போது தலையணைக்கு அடியில்.

சந்தேகம் அவருக்குக் குணம் என்பதைவிடப் பழக்கம் என்று சொல்லலாம், சிலருக்கு வெற்றிலை, சிலருக்குப் பொடி மாதிரி. பேருந்தில் கொடுத்த டிக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்ப்பார். சுவர்க்கடிகாரம் சரியான நேரம் காட்டினால், "எப்படி இவ்ளோ சரியா இருக்கு?" என்று அதன் கீழே நின்று யோசிப்பார். மழை வரும் என்று வானொலி சொன்னால் குடை வியாபாரிகளை நினைத்துக்கொள்வார். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னபோது, "எதுக்கு?" என்று கேட்டவர் அவர்.

ஆனால் இந்த மனிதர் ஒரே ஒருவனை நம்பினார், மனைவியின் தம்பியை. அவனை ஐஸ் டிப்போவில் வேலைக்குச் சேர்த்தது இவர்தான். மதியம் சாப்பிட வீட்டுக்குப் போகும்போது சாவியைக் கழற்றி அவன் கையில் மட்டும்தான் கொடுப்பார். எல்லோரையும் சந்தேகிக்க ஒருவருக்கு எவ்வளவு தெம்பு வேண்டியிருக்கும்! ஓர் ஆளிடமாவது அதை இறக்கி வைத்து இளைப்பாறத்தான் வேண்டும்.

டிப்போ, சந்தைக்குப் பின்னால் இருந்த தெருவில் இருந்தது. முன்னால் ஒரு கூடம். அங்கே சிமென்ட் மேடையில் ஐஸ் கட்டிகளை ரம்பத்தால் அறுப்பார்கள். பின்னால் ஜன்னலே இல்லாத ஓர் அறை. அதற்குள் இயந்திரம் எதுவும் கிடையாது. தடித்த சுவர், தகரம் அடித்த தடித்த கதவு, மரத்தூள், சாக்கு, அவற்றோடு முதலாளியம்மாவின் நல்ல நேரம் ஆகியவைதான் ஐஸைக் காப்பாற்றி வந்தன. காலையில் ஊருக்கு வெளியே உள்ள தொழிற்சாலையிலிருந்து லாரி வரும். கட்டிகளை அடுக்கி, மரத்தூளைத் தூவி, சாக்கைப் போர்த்திக் கதவைப் பூட்டிவிட்டால், அடுத்த நாள் விடியற்காலையில் மீன் விற்பவர்களும் ஜூஸ் கடைக்காரர்களும் வந்து வாங்கிப்போவார்கள். உருகுகிற தண்ணீர் அறையின் ஓரத்தில் இருந்த ஒரு துளை வழியாக வெளியேறித் தெருவுக்கு ஓடும். அந்தத் துளைக்கு நேரே ஒரு தெருநாய், வயிற்றை ஈரத்தில் பதித்தபடி நிரந்தரமாகப் படுத்திருந்தது. கோடையில் அந்தத் தெருவிலேயே வசதியாக வாழ்ந்த ஜீவன் அதுதான்.

அந்த வருஷத்துக் கோடை ஒழுங்காகத் தொடங்கவில்லை. போர்வைகளை மடித்து வைப்பதற்குள் வெயில் வந்து உட்கார்ந்துகொண்டது. கதவுக் கைப்பிடியைத் துணி சுற்றித்தான் தொட முடிந்தது. காலையில் பிடித்து வைத்த குழாய்த் தண்ணீரைச் சாயங்காலம் வரை ஆறவிட்டுக் குளித்தார்கள். தார்ச்சாலை செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு தர மறுத்தது. பகலெல்லாம் குடித்த சூட்டைச் சுவர்கள் இராத்திரியெல்லாம் கக்கின. இதற்கு நடுவில் ஒரு சாயங்காலம், ஒரு கோப்பைக் காபி ஆறுகிற நேரம், ஆலங்கட்டி மழை கொட்டியது. பிள்ளைகள் பாத்திரம் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். சாவிக்காரர் டிப்போ வாசலில் குனிந்து ஒரு கட்டியை எடுத்து, விரலால் நசுக்கி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"என்ன அண்ணே பார்க்குறீங்க?" என்று கேட்டான் சுமை தூக்குகிறவன். அவன் உயரத்துக்காகவும், நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதற்காகவும் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர்.

"இது எங்கேருந்து வருது?"

"வானத்துலேருந்து அண்ணே."

"அது தெரியுதுடா. சும்மா ஏன் குடுக்குறாங்க?"

சும்மா கொடுக்கவில்லைதான். மழை நின்றதும் தெருவே அடுப்பிலிருந்து இறக்கிய இட்லிப் பானையைத் திறந்தது போல ஆகிவிட்டது. அதுவரை காய்ந்த சூடு. அதற்கப்புறம் ஈரச் சூடு. வியர்வை வந்தது, காயவில்லை. ஐஸ் கட்டிகள் இளைக்கத் தொடங்கியது அந்த வாரத்தில்தான்.

முதலில் சொன்னவள் மீன்கார அக்கா. நல்ல கனமான உடம்பு, அதைவிடக் கனமான குரல்.

"என்ன சாவிக்காரரே, ஐஸ் கேட்டா ஐஸோட குட்டியக் குடுக்குறீங்க? குளிச்சு முடிச்ச சோப்பு மாதிரி இருக்கு!"

"வெயிலு அக்கா."

"வெயில் எங்க வீட்டுக்கும்தான் வருது. நான் இளைச்சிருக்கேனா, பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். வாய் வெயில் என்று சொன்னதே தவிர, சாவிக்காரர் அதை நம்பவில்லை. வெயில் என்பது எல்லோரும் ஒப்புக்கொள்கிற காரணம். எல்லோரும் ஒப்புக்கொள்கிற காரணத்தின்மேல் அவருக்கு என்றைக்குமே நம்பிக்கை இருந்ததில்லை. இத்தனை கோடைகள் பார்த்திருக்கிறார்; ஐஸ் கொஞ்சம் கரையும், ஆனால் இப்படி இளைக்காது. யாரோ எடுக்கிறார்கள்.

எனவே சோதனைகள் ஆரம்பமாயின. முன்பெல்லாம் மதியம் ஒரு தடவை, வீட்டுக்குக் கிளம்புமுன் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்ப்பார். இப்போது லாரி போனதும் ஒரு தடவை, தெருவில் புது ஆள் யாராவது தெரிந்தால் ஒரு தடவை, யாரும் தெரியாவிட்டால் அது ஏன் என்று ஒரு தடவை. கதவைத் திறந்ததும் முதல் வேலையாக ஒரு முக்காலியை நடுவில் வைத்து அது மூடாமல் தடுப்பார். உள்ளே இருக்கும்போது எவனாவது வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டால்? பிறகு சாக்கை விலக்குவார், மரத்தூளைக் கையால் ஒதுக்குவார், ஒவ்வொரு கட்டியையும் சாண் போட்டு அளப்பார். திருடனைத் தேடி ஐஸின் சட்டையைக் கழற்றுவார் என்று சொல்லலாம். ஒட்டகமோ மற்றவர்களோ கதவருகே ஒரு நிமிஷம் நின்றால் மட்டும், "குளிர் போகுது, சாத்துங்கடா!" என்று கத்துவார். அவர்கள் திறந்தால் அது திறப்பது. இவர் திறந்தால் அது காவல்.

ஒருநாள் காலை ஓர் ஆணியால் ஒவ்வொரு கட்டியின் மேல்மூலையிலும் ஒரு பெருக்கல் குறி கீறி வைத்தார். சாயங்காலம் பார்த்தால் கட்டி இருந்தது, குறி இல்லை. சாவிக்காரர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நல்ல கட்டியை எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் சின்னக் கட்டியை வைத்திருக்கிறான்! சாதாரணத் திருடன் இல்லை, மூளை உள்ள திருடன். தரையில் தண்ணீர் கணுக்காலை நனைத்தது. அதற்கும் விளக்கம் கிடைத்தது.

"உருகின மாதிரி தெரியணும்ல? அதுக்காகத் தண்ணி ஊத்தியிருக்கான்" என்றார் ஒட்டகத்திடம்.

ஒட்டகம் தலையைச் சொறிந்தான். "இந்தக் கோடையில தண்ணிய வேற எங்க அண்ணே திருடுவான்?"

திருடன் பூட்டை உடைக்கவில்லை. ஆகவே அவனிடம் சாவி இருக்கிறது. சாவி தன்னிடமும், மதியத்தில் மைத்துனனிடமும் மட்டும்தான் இருக்கிறது. நம்பிக்கை வைத்த இடத்தில்தானே துரோகம் நடக்க முடியும். நம்பாதவனால் எப்படித் துரோகம் செய்ய முடியும்? இந்த நியாயத்தில் ஒரு பிழையும் இல்லை. பிழையே இல்லாத நியாயங்கள் எப்போதும் தவறான வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

அன்று வேலை முடிந்து மைத்துனன் கிளம்பும்போது அவன் தோளில் தொங்கிய சாப்பாட்டுப் பையின் அடிப்பக்கம் நனைந்திருந்தது.

"பை ஏன் மாப்ள நனைஞ்சிருக்கு?"

"துண்டு மாமா. வெளிய ஓடுற தண்ணில நனைச்சு உள்ள வச்சிருந்தேன். தலையில போட்டுக்கிட்டா வீடு போற வரைக்கும் தாங்கும்."

"துண்டு எங்க?"

"தலையில."

தலையில் துண்டு இருந்தது. சொட்டச் சொட்ட நனைந்தும் இருந்தது. குற்றவாளி இவ்வளவு முன்யோசனையோடு நடந்துகொள்வான் என்று சாவிக்காரர் எதிர்பார்க்கவில்லை.

"முந்தாநாள் உன் வீட்டுக்கு வந்தேன்ல, தண்ணி குடுத்தீங்க. சில்லுனு இருந்துச்சே."

"பானைத் தண்ணி மாமா."

"பானைல அவ்ளோ சில்லுனு வருமா?"

"என் பொண்டாட்டி ஈரச் சாக்கு சுத்தி வச்சிருக்கா. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, அதுக்குத் தொடச்சுவிட…" அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பாதியில் சிரிப்பு நின்றது. "மாமா, என்ன கேக்குறீங்க? என்னையா?"

அவர் பையை வாங்கி உதறிப் பார்த்தார். கூடத்தில் இருந்த எல்லோரும் ரம்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு எப்போதும் இவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் எதையும் செய்ததில்லை.

சாவிக்காரர் போய் மைத்துனன்தான் திருடன் என்றபோது, முதலாளியம்மா திருட்டு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. "கொஞ்ச நாள் வரவேண்டாம்னு சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். மிச்சத்தைத் தெரு சொல்லிவிட்டது. ஐஸ் டிப்போவில் கைவைத்தவனுக்குச் சந்தையில் யாரும் வேலை கொடுக்கவில்லை. திருடுவதற்கு எதுவுமே இல்லாத ஓர் இடம்தான் அவனுக்குத் திறந்திருந்தது: செங்கல் சூளை. சுடச்சுட இருக்கும் செங்கல்லை எவனும் பையில் போட்டுக்கொண்டு போக மாட்டான். ஊரிலேயே குளிர்ச்சியான வேலையில் இருந்தவன் ஊரிலேயே சூடான வேலைக்குப் போனான். அங்கே அந்த வாரம்தான் ஓர் ஆள் கல் சுமந்தபடியே சுருண்டு விழுந்திருந்தான். தூக்கிக்கொண்டு போனார்கள், அவன் திரும்பி வரவில்லை.

சாவிக்காரரின் மனைவி அழவில்லை, கத்தவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேச மட்டும் இல்லை. வீட்டில் பேசிக்கொண்டிருந்தது மின்விசிறி ஒன்றுதான். மின்சாரம் போனால் அதுவும் வாயை மூடிக்கொள்ளும். ஒரே ஒரு தடவை பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"என் தம்பி அங்க விழுந்தான்னா, எப்படி விழுந்தான், எதுக்கு விழுந்தான்னு என்கிட்ட வந்து விசாரிக்காதீங்க."

இனிமேல் ஐஸ் இளைக்காது என்று சாவிக்காரர் எதிர்பார்த்தார். இன்னும் இளைத்தது. மைத்துனன் மாற்றுச்சாவி செய்திருப்பான் என்று புதுப் பூட்டுப் போட்டார். அப்புறமும் இளைத்தது. மதியச் சாப்பாட்டுக்குப் போவதைத் தள்ளிப்போட்டார், சோதனைகளை இன்னும் கூட்டினார். அதற்கேற்ப கட்டிகள் இன்னும் சின்னதாயின. மீன்கார அக்கா ஒரு கட்டியைத் தூக்கிக் காட்டி, "இதை மீன் மேல போடவா, காதுல தொங்க விடவா?" என்று கேட்டாள். ஒட்டகத்தைச் சந்தேகித்தார், லாரி டிரைவரைச் சந்தேகித்தார், முதலாளியம்மாவையே ஒரு சாயங்காலம் முழுக்கச் சந்தேகித்தார். நாளாக ஆக நாயைத் தவிர எல்லோரும் நனைந்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. நாயும் நனைந்துதான் இருந்தது.

ஒருநாள் லாரி தாமதமாக, மதியம்தான் வந்தது. புதுக் கட்டிகளில் ஆணிக் குறி போட்டுப் பூட்டியதும் சாப்பிடக் கிளம்பினார். மருந்துக்கடைப் படியருகே வந்தபோது தெரு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதை யார் சாய்க்கிறார்கள் என்று யோசிப்பதற்குள் படியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் கண் விழித்தபோது வீட்டுத் தரையில் கிடந்தார். நெற்றியில் ஈரத்துணி. மனைவியின் முகம்.

"சாவி?"

"இருக்கு."

"எங்க?"

"சொல்ல மாட்டேன்." பேசாமல் இருந்தவள் பேசிவிட்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை. "வெயில் அடிச்சிருக்கு, எந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிருக்காரு. சாவிய நீங்க கண்டுபிடிச்சுட்டா எந்திரிச்சுடுவீங்க."

"டாக்டர் நெஜமாவே சொன்னாரா?"

"இல்ல, நானும் டாக்டரும் சேர்ந்து சதி பண்றோம். தண்ணியக் குடிங்க."

படுத்தபடியே அவர் கண்ணால் வீடு முழுக்கத் தேடினார். அலமாரி, மாவு டப்பா, தலையணை உறை. இந்நேரம் டிப்போவில் என்ன நடந்துகொண்டிருக்குமோ! விடியற்காலையில்தான் அவள் சாவியைக் கொடுத்தாள், எங்கே இருந்தது என்று சொல்லாமலே.

டிப்போ வாசலில் நாயைக் காணோம். தண்ணீர்த் துளைக்குக் கீழே தரை காய்ந்து, வெள்ளைக் கோடாக இருந்தது. சாவிக்காரருக்குத் திக்கென்றது. உருகவே இல்லை என்றால் உள்ளே ஒன்றுமே இல்லை என்றுதானே அர்த்தம்! பூட்டைத் திறந்து, சாக்கை இழுத்து, மரத்தூளை ஒதுக்கினார். கட்டிகள் வந்த அன்று இருந்ததுபோல், விளிம்பு கூட மழுங்காமல் அடுக்கியபடி இருந்தன. ஒவ்வொன்றின் மேல்மூலையிலும் அவருடைய ஆணிக் குறி பளிச்சென்று தெரிந்தது.

பயந்துபோய்த் திருடன் திருப்பி வைத்துவிட்டான் என்று நினைத்தார். ஆனால் சாவி வீட்டில் இருந்தது. எங்கே என்று அவருக்கே தெரியாத இடத்தில் இருந்தது.

அந்த நினைப்போடு, பழக்கத்தில், காலால் முக்காலியைத் தள்ளிக் கதவுக்கு நடுவில் வைத்தார். வைத்தவுடன் வெள்ளையாக ஒரு புகை அவருடைய முழங்காலைத் தடவிக்கொண்டு, முக்காலியைத் தாண்டி, கூடத்தைக் கடந்து தெருவுக்குப் போனது. தினமும் பார்த்த புகைதான். ஐஸுக்கு அது ஓர் அழகு என்று நினைத்திருந்தார். இப்போது அது வெளியே போகிற வழியை முதன்முறையாகப் பார்த்தார்.

லாரி டிரைவர் இல்லை. ஒட்டகம் இல்லை. மைத்துனன் சூளையில். சாவி மனைவியிடம். நேற்று உள்ளே வராமல் இருந்த ஆள் ஒருவர்தான். மனசாட்சி அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொன்னால் அழகாக இருக்கும். நிறுத்தியது என்னவோ சந்தேகம்தான். எல்லோரையும் ஒவ்வொருவராகக் கழித்த பிறகு அதற்குப் போக வேறு இடம் இருக்கவில்லை.

முதலாளியம்மா கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, ஒரு ஆள் மேல சந்தேகமா இருக்கு."

"இன்னுமா? இப்போ யாரு?"

"நான்தான்."

அவர் குடித்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். சாவிக்காரர் முக்காலி, சாக்கு, மரத்தூள், புகை எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்ததும் முதலாளியம்மா மெதுவாகச் சிரித்தார்.

"வீட்ல ரொம்ப அழுதாங்களா?"

"அழலம்மா. பேசல."

"அதான பார்த்தேன். மச்சினன் சூளைல கெடக்கான், பொண்டாட்டி பேசல, அதனால பழிய நீங்க ஏத்துக்குறீங்க. நல்ல மனசுதான். ஆனா என்னைய ஏமாத்தாதீங்க."

வாழ்நாள் முழுக்க யார் சொன்னதையும் நம்பாதவர், ஓர் உண்மையைச் சொல்லி, நம்பப்படாமல் நின்றார். அதன் நியாயம் அவருக்கு நன்றாகவே புரிந்தது. அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்.

"அப்போ சாவிய நீங்களே வச்சுக்குங்கம்மா" என்று வளையத்தோடு கழற்றி மேசையில் வைத்தார். அது இல்லாமல் இடுப்பு வார் தொளதொளவென்று இருந்தது.

அன்று லாரி வந்து கட்டிகளை அடுக்கிய பிறகு அறையை யாரும் திறக்கவில்லை. அடுத்த நாள் விடியற்காலையில் கட்டிகள் முழுசாக இருந்தன. இதைவிட என்ன நிரூபணம் வேண்டும் என்று சாவிக்காரர் நினைத்தார். முதலாளியம்மாவும் அதையேதான் நினைத்தார்.

"பார்த்தீங்களா? சாவி என்கிட்ட இருந்தா திருட்டு இல்ல. அப்போ உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான்."

சாவிக்காரர் பெருமூச்சு விட்டார். இந்தப் பெண்மணியிடம் இவ்வளவு திறமை இருப்பது இத்தனை காலம் தெரியாமல் போயிற்றே! "அம்மா, இன்னைக்கு ஒரு நாள் நான் செஞ்சதையெல்லாம் நீங்க செய்ங்க. சந்தேகம் வரும்போதெல்லாம் திறந்து பாருங்க."

"எனக்கு அடிக்கடி சந்தேகம் வராது."

"வரும்மா. ஆரம்பிச்சா வரும்."

வந்தது. முதல் தடவை கடமைக்குப் போனார். இரண்டாவது தடவை சாக்கை விலக்கி அளந்தார். வெயில் உச்சிக்கு ஏற ஏற அவருடைய சந்தேகமும் ஏறியது. ஒரு தடவை உள்ளே போனவர் வெளியே வரவேயில்லை.

"அம்மா?"

"வரேன்."

"அம்மா, கதவு திறந்திருக்கு…"

"வரேன்னு சொன்னேன்ல!"

வெளியே வந்தபோது அவர் முகம் பல நாள் கழித்துத் தூங்கி எழுந்தவர் முகம் மாதிரி இருந்தது. சாவிக்காரரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"உள்ள நல்லா இருக்குல்ல?"

"…ஆமாம்மா."

"நீங்க உள்ள போனது ஐஸப் பார்க்கவா, இல்ல கொஞ்ச நேரம் நிக்கவா?"

சாவிக்காரர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். ஐஸின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அளந்து முடித்த பிறகும் நின்ற நேரங்கள் நினைவுக்கு வந்தன. அளந்த கட்டியையே மறுபடி அளந்ததும் நினைவுக்கு வந்தது.

"ரெண்டும்னு வச்சுக்கலாம்மா."

"எது அதிகம்?"

அவர் தெருவைப் பார்த்தார். அங்கே நாய் பழைய இடத்துக்கே திரும்பி வந்து, ஈரத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தது.

மறுநாள் விடியற்காலையில் கட்டிகளின் விளிம்பெல்லாம் மழுங்கி, அவை முதலாளியம்மாவின் சொந்தச் சாட்சியோடு இளைத்திருந்தன. "திருட்டு நடந்தது உண்மைதான்" என்றார் அவர். "ஐஸ் போகல. குளிர்ச்சி போயிருக்கு. அவன வரச் சொல்லுங்க."

வெயில் தலைக்கு நேரே நின்ற வேளையில் சாவிக்காரர் சூளைக்குப் போனார். மேலேயும் நெருப்பு, கீழேயும் நெருப்பு. எது அடுப்பு, எது வானம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மைத்துனன் தலையில் கல் அடுக்கோடு வந்தான். உதடு வெடித்திருந்தது. கண் மட்டும் தெரியும்படி முகத்தில் துணி.

"என்ன மாமா, இங்கயும் சாண் போட வந்தீங்களா? அளந்துக்குங்க, கல்லு இளைக்காது."

"அம்மா வேலைக்கு வரச் சொன்னாங்க."

"எதுக்கு, மறுபடி பையப் பார்க்கவா?"

"திருடன் கெடச்சுட்டான் மாப்ள. நான்தான்."

சொல்லத் தொடங்கினார். முக்காலியில் ஆரம்பித்து, உள்ளே நின்றது வரை. மைத்துனன் தலைச்சுமையை இறக்காமலே கேட்டான். கடைசியில் சொன்னான்:

"இத ஏன் மாமா என்கிட்ட சொல்றீங்க? நான் எடுக்கலன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு நடந்தான். நாலு எட்டு வைத்தவன், கால் தடுமாறி, சமாளித்து நின்றான். சாவிக்காரரால் அந்தக் காலிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

அடுத்த விடியற்காலையில், வாங்க வந்தவர்கள் எல்லோரும் கூடத்தில் நெருக்கிக்கொண்டு நின்றபோது, அவர் ரம்பத்தை நகர்த்திவிட்டுச் சிமென்ட் மேடைமேல் ஏறினார். மைத்துனன் வாசலுக்கு வெளியே, உள்ளே வராமல், தன் அக்காவோடு நின்றுகொண்டிருந்தான்.

"ஐஸ என் மச்சினன் எடுக்கல" என்றார். "யாருமே எடுக்கல. நான் திறந்து திறந்து பார்த்துக் கரைஞ்சது. பார்க்கப் போனேன்னு சொன்னேன். குளிருக்கும்தான் நின்னேன். தெரிஞ்சு பாதி, தெரியாமப் பாதி. அவனத் திருடன்னு சொன்னது தப்பு."

கூட்டத்திலிருந்து மீன்கார அக்காவின் குரல் கிளம்பியது.

"அடப்பாவி மனுஷா! கதவுகிட்ட ஒரு மூச்சு விட்டா எங்கள விரட்டுவீங்களே, நீங்க உள்ள போயி மகாராஜா மாதிரி நின்னீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒட்டகம்தான் அதிகமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குள்ளேயே பின்னாலிருந்து ஒருவர் இன்னொருவரிடம், "பாவம், மச்சினனுக்காகத் தன்மேல போட்டுக்குறாரு" என்றார். மற்றவர், "பொண்டாட்டி சொல்லியிருப்பா" என்றார். வாசலில் இருந்தவர்களுக்கும் அது கேட்டது.

சாவிக்காரர் மேடையிலிருந்து இறங்கி வெளியே வந்தார். "பாதிப் பேரு நம்பல மாப்ள."

"முன்னாடி முழுசா நம்புனாங்களே, நான்தான்னு" என்றான் மைத்துனன். "பாதி போதும் மாமா. ஆனா சாவி என்கிட்ட இருக்கணும்."

சாவிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் எங்கேயோ பார்த்தாள். அவர் முதலாளியம்மாவிடம் போய்ச் சாவியை வாங்கிவந்து, வளையத்தோடு அவன் கையில் வைத்தார். வைத்த பிறகும் விரலை எடுக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

லாரி வந்தது. கட்டிகளை இறக்கி அடுக்கினார்கள். மைத்துனன் மரத்தூளைத் தூவி, சாக்கைப் போர்த்தி, கதவைச் சாத்திப் பூட்டினான். வெயில் ஏறியது. கூடத்துச் சுவர் தொட முடியாமல் கொதித்தது. சாவிக்காரர் முக்காலியை வெளியே கொண்டுவந்து போட்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தார். வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கியது. இரண்டு தடவை கை இடுப்புக்குப் போய்த் திரும்பி வந்தது. பொறுக்க முடியாமல் கூப்பிட்டார்.

"மாப்ள."

"என்ன மாமா."

"உள்ள எல்லாம் சரியா இருக்கா?"

"தெரியல."

"நீ பார்க்கலையா?"

"பார்க்கல."

சாவிக்காரர் அந்தப் பதிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ சரியாத்தான் இருக்கும்" என்றார்.